போலி என்று டிக் அடித்தவள்

சத்யப்பிரியா என்ன வேலை பார்க்கிறாள் என்பது மண்ணூரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "கம்பெனில கம்ப்யூட்டர் வெச்சு திருடன் புடிக்குது" என்று அவள் அம்மா சந்திரம்மாள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஒரகடத்தில் 'நித்திலா' மிக்ஸி செய்கிற கம்பெனி அது. அடையாள அட்டையில் 'பிராண்ட் புரொடெக்‌ஷன்' என்று போட்டிருந்தது. அந்த அட்டையைக் கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே கழுத்தில் மாட்டிக்கொள்வாள். சாயங்காலம் தெருவைத் தாண்டி வீட்டுக்குள் வந்த பிறகுதான் கழற்றுவாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. நாலு பேர் பார்க்காவிட்டால் பட்டம் வாங்கி என்ன பயன்?

திருடன் பிடிக்கும் வேலை இதுதான். காலையில் ஆன்லைன் கடைகளைத் திறந்து 'நித்திலா' என்று தேட வேண்டும். கம்பெனியின் அனுமதி இல்லாத யாராவது கம்பெனி சொன்ன விலைக்குக் கீழே விற்றால், புகார் கொடுத்து அந்தப் பக்கத்தை எடுக்க வைக்க வேண்டும். மாதத்துக்கு அறுபது பக்கம் இலக்கு. புகார்ப் படிவம் காரணம் கேட்கும். 'அனுமதியில்லாமல் விற்கிறார்' என்று அதில் ஒரு கட்டமே கிடையாது. நல்ல சரக்கை யார் விற்றால் உங்களுக்கென்ன என்பது அந்தத் தளங்களின் எண்ணம். 'போலிப் பொருள்' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் மட்டும் இரண்டே நாளில் பக்கம் காணாமல் போகும். அதனால் எல்லோரையும் போலி என்றே அடிக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர் வனமாமலை.

வனமாமலை திங்கட்கிழமைதோறும் கூட்டம் போடுவார். "பிராண்டுங்கிறது பெத்த தாய் மாதிரிம்மா. தாய்மேல கை வெச்சா விடுவோமா?" என்பார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நித்திலா போடும் சத்தம் அவர் மனைவிக்குத் தலைவலி தருகிறது என்று அவர் வீட்டில் வேறு கம்பெனி மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பெற்ற தாயை எங்கே வைத்திருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. சத்யப்பிரியாவும் கேட்கவில்லை. குறிப்பு நோட்டில் 'பிராண்ட் = தாய்' என்று எழுதிக்கொண்டாள்.

முறைப்படி பார்த்தால், சந்தேகப்படும் மிக்ஸி ஒன்றை முதலில் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் புகார் தர வேண்டும். அறுபது பக்க இலக்கில் அதற்கு நேரம் ஏது? டிக் முதலில் விழும், மிக்ஸி பின்னால் வரும். கம்பெனி முகவரியைப் பார்த்தால் விற்பவர்கள் உஷாராகிவிடுவார்கள் என்பதால் பார்சல் அம்மா பெயரில் மண்ணூர் வீட்டுக்கே வரும். "இன்னா சந்திரம்மா, உங்க வூட்ல மிக்ஸியவே அரைச்சு சாப்புடுறீங்களா?" என்று எதிர்வீட்டில் கேட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை வனமாமலை திரையில் ஒரு பெயரைச் சிவப்பில் வட்டமிட்டுக் காட்டினார். 'கே.ஆர். டிரேடர்ஸ்'. பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே, ஒரே மாதத்தில் முப்பது மிக்ஸி. "இது சூரத் பார்ட்டி. பின்னால பெரிய நெட்வொர்க் இருக்கு. எனக்கு வாசனையே வருது" என்றார். சத்யப்பிரியா கூட்டம் முடிவதற்குள் போலி என்று டிக் அடித்தாள். ஒரு மிக்ஸிக்கு ஆர்டரும் போட்டாள்.

புதன்கிழமை மாலை பார்சல் வந்தது. அனுப்புநர் முகவரியில் சூரத் இல்லை. மண்ணூர், பள்ளிக்கூடத் தெரு. அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

அட்டைப் பெட்டிக்குள் மிக்ஸியைப் பழைய நைட்டித் துணியில் குழந்தையைப் போலச் சுற்றியிருந்தார்கள். பெட்டியின் மேல் ஏதோ ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சுரண்டிய தடம் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 'அன்புடன் நிர்வாகம்' என்று படிக்க முடிந்தது. அடியிலிருந்த எண்ணைப் போனில் ஸ்கேன் செய்தாள். 'ஆயுத பூஜை அன்பளிப்பு. ராஜாமணி, அசெம்பிளி லைன் மூன்று' என்று வந்தது.

கம்பெனியில் ஒன்பது வருடமாக ஆயுத பூஜைக்கு ஒரே அன்பளிப்புதான். விற்காமல் தேங்கிய நிறத்தில் ஆளுக்கொரு மிக்ஸி. வாங்கியவர்கள் கல்யாணத்துக்குக் கொடுத்தார்கள், காதுகுத்துக்குக் கொடுத்தார்கள். கொடுத்த மிக்ஸி வேறொரு காதுகுத்தில் அவர்களுக்கே திரும்பி வந்தது. ஊரில் பரண் இருக்கிற வீட்டிலெல்லாம் நாலைந்து நித்திலா பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அத்தனையையும் திரட்டி விற்கிற அந்தப் பெரிய நெட்வொர்க், ராஜாமணியின் மகள் காவேரி.

அவள் அன்றைக்கே கைக்குழந்தையோடு வந்து நின்றாள். போன் தொழிற்சாலையில் நாலு வருடம் நின்று வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததும் நைட் ஷிஃப்டுக்கு வர முடியாது என்றதற்கு நிறுத்திவிட்டார்கள்.

"சத்யா, நீ படிச்ச புள்ள. இந்த மெயிலு இன்னான்னு பாரேன். கடையவே மூடிட்டானுங்க. வித்த காசையும் புடிச்சு வெச்சுக்கினானுங்க. தெருவுல நாப்பது வூட்டுக்கு நான் பதில் சொல்லணும்."

சத்யப்பிரியா மெயிலைப் படித்தாள். புகார் கொடுத்தவர் பொருள் போலி என்று உறுதி கூறியிருக்கிறார். பத்து நாளுக்குள் அவரே வாபஸ் வாங்காவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். புகார் கொடுத்தவரின் மெயில் முகவரி கீழே இருந்தது. அவள் தினமும் காலையில் திறக்கிற முகவரி.

"போலின்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

"போலியா? எங்கப்பா கையால மோட்டர் மாட்டுனதுடி! அப்ப எங்கப்பாவும் போலியா?" காவேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த நாயி சொல்லுச்சோ. சரி, நல்ல இங்கிலீஷ்ல அவனுக்கே ஒரு மெயிலு போடு. கெஞ்சறாப்புல இருக்கட்டும். அப்புறம், உங்கம்மா பேருல ஆர்டர் வந்துச்சே, நம்ம சந்திரம்மா அக்காவாச்சேன்னு டபுளா துணி சுத்துனேன். நேர்ல வந்து கேட்டா கையில குடுத்திருக்க மாட்டேனா?"

சந்திரம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் போனைப் பார்த்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல், தனக்கே தான் எழுதும் கெஞ்சல் கடிதத்தைக் கவனமாக, இலக்கணப் பிழையில்லாமல் தட்டினாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று வேறு ஆரம்பித்தாள். காவேரி அதைத் தன் மெயிலிலிருந்து அனுப்பிவிட்டு நன்றி சொல்லிப் போனாள்.

மறுநாள் காலை அந்த மெயிலை வனமாமலை அவளுக்கு முன்பே படித்திருந்தார்.

"பாரும்மா இங்கிலீஷை! வக்கீல் வெச்சு எழுதியிருக்கான். இந்தத் திருட்டுப் பயல்களுக்கு இதுக்கெல்லாம் காசு இருக்கு."

"சார், அது நம்ம மிக்ஸி. ஆயுத பூஜைக்குக் கொடுத்து, ஊர்ல பரண்ல கெடந்தது. ஸ்கேன் பண்ணிட்டேன்."

அவர் முகம் ஒரு நொடி சப்பென்றானது. பிறகு இன்னும் உற்சாகமானது. "அப்போ இன்னும் நல்லது. யார் யார் பேருன்னு லிஸ்ட் எடு. ஹெச்.ஆருக்கு அனுப்புவோம். தாயை வித்துத் திங்கிறானுங்க."

"கொடுத்தது அவங்க பொருள்தானே சார்? விக்கக் கூடாதுன்னு நாம எங்கயும் எழுதிக் குடுக்கலையே?"

"நீ பிராண்ட் பக்கமா, பரண் பக்கமா?" என்று கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே ரசித்தபடி டீ குடிக்கப் போனார்.

சத்யப்பிரியா வாபஸ் படிவத்தைத் திறந்தாள். 'பொருள் அசல் என்று உறுதி கூறுகிறேன். என் புகார் தவறு' என்று இருந்த கட்டத்தில் டிக் அடித்துத் தன் பெயரை எழுதி அனுப்பினாள். அதன் கீழே அவள் அந்த மாதம் போலி என்று அடித்த மற்ற நாற்பத்தோரு பக்கங்களும் வரிசையாக நின்றன. எந்த ஊர், எந்தப் பரண், யாருடைய கைக்குழந்தை என்று தெரியாது. அவற்றை அவள் தொடவில்லை. முகம் தெரிந்தவளுக்கு மட்டும் வருகிற நேர்மைக்கு என்ன பெயர் என்று யோசித்தாள். நல்ல பெயர் எதுவும் அகப்படவில்லை. ராஜாமணியின் பெயர் இருந்த லிஸ்ட்டை மட்டும் அவள் எடுத்துக் கொடுக்கவேயில்லை. "முடியாது சார்" என்று சொன்னதற்கு, ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்று வனமாமலை கடிதம் கொடுத்தார். கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழை.

ஞாயிற்றுக்கிழமை காவேரி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். காவேரி பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அப்ப நீதானா அது?"

"நான்தான்க்கா. பார்க்காமயே அடிச்சிட்டேன்."

"பார்க்காம அடிக்கறதுக்கா அஞ்சு செமஸ்டர் ஃபீஸுக்கு உங்கம்மா எங்கம்மாகிட்ட வந்து நின்னாங்க?"

சத்யப்பிரியா தன் வேலை போய்விட்டதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தாள். அதைச் சொல்லி இரக்கம் வாங்குவது இன்னும் கேவலமாகப் பட்டது.

"இப்ப விக்கலாமா, கூடாதா? அத்த மட்டும் சொல்லு" என்றாள் காவேரி.

"விக்கலாம்."

"அப்ப கெளம்பு. கூரியர்காரன் வர்ற நேரம்."