சந்தனப் பொட்டுக்குள் எரிந்த விளக்கு

அந்த மஞ்சள் விளக்கை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. விளக்கின் மேல் அல்ல. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

அப்போது நாங்கள் ராமேஸ்வரத்தில் குடியிருந்தோம். கணவருக்குக் கடலாடியில் அரசாங்க வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். மகளுக்கு இரண்டு வயது. அடிக்கடி மூச்சு இளைப்பு வரும். அவளைப் பார்க்கும் டாக்டர் ராமநாதபுரத்தில் இருந்தார். பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்காகவே ஒரு பழைய காரை வாங்கினோம். நானும் ஓட்டப் பழகிக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒருநாள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட சின்ன விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து வரி விடாமல் படித்தேன். தாமதிக்காமல் காட்டவும் என்று இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

"அது சும்மா எரியுங்க்கா. பழைய வண்டின்னா அப்பிடித்தான்" என்றார் மெக்கானிக்.

"உடனே பாக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கே?"

"புத்தகம் எழுதுனவன் இந்த உப்புக் காத்துல வண்டி ஓட்டிருக்கானாக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போனில் கணவரிடம் சொன்னேன். "எதுக்கெடுத்தாலும் உனக்குப் பயம். போன மாசம் கேஸ் கசியுதுன்னு மூணு தடவ ஆளக் கூப்பிட்ட. வண்டிய விட்டுட்டு வா, நான் அவர்ட்ட பேசிக்கிறேன்" என்றார். கேஸ் கசியவில்லை என்பது உண்மைதான். அதனால் பேசாமல் வண்டியை விட்டுவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வண்டி திரும்பி வந்தது. முன்னால் மாலை. கதவிலும் ஸ்டியரிங்கிலும் சந்தனம், குங்குமம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த மீட்டர் கண்ணாடியிலும் தடிமனாக ஒரு பொட்டு. விளக்கு எரியவில்லை.

"சரி பண்ணிட்டீங்களா?"

"பூஜையும் போட்டாச்சுக்கா. இனி நிம்மதியா ஓட்டுங்க."

வாராவாரம் வண்டியைத் துடைப்பேன். அந்தப் பொட்டைச் சுற்றியே துடைத்தேன். பூஜையில் வைத்ததை அழிக்க எனக்குக் கை வராது. பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், நீ அழித்ததால்தான் என்று என் மனசே என்னைக் குத்தும்.

ஐப்பசியில் மகளுக்கு மறுபடி இளைப்பு. டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தேன். உச்சிப்புளி தாண்டியதும் வண்டி விக்கியது. பார்த்தேன், விளக்கு இல்லை. அப்படியென்றால் தப்பு என்னுடையதுதான். கிளட்சைச் சரியாக மிதிக்கவில்லையோ, கியர் மாற்றத் தெரியவில்லையோ என்று மண்டபம் வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு ஓட்டினேன். பின் சீட்டில் அவள் மூச்சு கர்கர் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பொழுது மங்கியது. காய்ந்து வெடித்திருந்த சந்தனத்தின் கீறலில் மயிரிழை போல மஞ்சளாக ஏதோ தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். பொட்டு பெயர்ந்து மடியில் விழுந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் எரிந்திருக்கிறது.

ஒரு டீக்கடை ஓரமாக ஒதுக்கினேன். எஞ்சின் தானாகவே அணைந்தது. சாவியை எத்தனை தடவை திருப்பியும் எடுக்கவில்லை. கடைக்கார அம்மா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "பாலத்துல நின்னுருந்தா என்ன செஞ்சிருப்ப தாயி? முன்னயும் பின்னயும் லாரி, கடக்காத்து வேற. இந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கன போயி நிப்ப?" அவரே கைகாட்டி நிறுத்திய பஸ்ஸில் வீடு வந்தேன். பாலத்தின் மேல் பஸ் போகும்போது கீழே பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்பில் நான் போட்ட சத்தத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"என்னையத் திட்டி என்னக்கா செய்ய? ஒங்க வீட்டு அண்ணந்தான் சொன்னாக. அந்த லைட்டப் பாத்துப் பாத்து வீட்டுல பயப்படுறா, அவ கண்ணுல படாம ஏதாச்சும் பண்ணுங்கன்னாக."

"அதுக்குப் பொட்டா?"

"டேப்பு ஒட்டுனா பிச்சுருவீங்க. பொட்டுன்னா தொடமாட்டீங்கல்ல."

விளக்கு எதற்கு எரிகிறது என்று பார்க்க இந்த மெக்கானிக்குக்கு நேரமில்லை. நான் எதைத் தொடமாட்டேன் என்பதை மட்டும் சரியாகக் கணித்து வைத்திருக்கிறார். வண்டி நின்ற மண்டபத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், எஞ்சினுக்குள் போகும் ஒரு ஒயரின் முனை உப்பில் பச்சை பூத்துப் போயிருந்தது. மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை கணவர் வந்தார். "நீ நிம்மதியா இருக்கணும்னுதானே..." என்று ஆரம்பித்தார்.

"வண்டில ஏறுங்க. பிள்ளைய மறுபடி காட்டணும்."

முன் சீட்டுக்கு வந்தவரைப் பின்னால் பிள்ளையோடு உட்காரச் சொன்னேன். பாலம் ஏறும்போது காற்று வண்டியைத் தள்ளியது. அவர் மகளை இறுக்கிக்கொண்டு சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினார்.

"லைட்டு எரியலையே?"

நடுப்பாலம் வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"நல்லாப் பாத்துச் சொல்லேன்."

"நீங்களே பாருங்க. இப்ப ஒண்ணும் மறைக்கல" என்றேன். பாலம் முடிகிறவரை அவர் தலையை உள்ளே இழுக்கவில்லை.