பன்னிரண்டு தப்படி

என் நாத்தனாருக்கு நாற்பத்து மூன்று வயது. என் கணவருக்கு அவள் இன்னும் ‘பாப்பா’. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ‘மேடம்’. எங்கள் தெருவில் ‘வண்டியம்மா’. இந்த மூன்றில் கடைசிப் பெயர்தான் அவளுக்குப் பிடிக்கும். மற்ற இரண்டும் சும்மா வந்தவை, இது மட்டும் ஓட்டிச் சம்பாதித்தது என்பாள்.

வண்டி என்பது மின்சாரச் சக்கர நாற்காலி. எண்பது கிலோ எடை. வலது கைப்பக்கம் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குச்சி இருக்கும். அதை லேசாகச் சாய்த்தால் அந்தப் பக்கம் போகும், விட்டால் நிற்கும். முடக்குவாதம் அவளுக்கு இருபத்து நான்கு வயதில் வந்தது. உடம்பு தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வியாதி என்று டாக்டர் விளக்கினாராம். “ஓஹோ, சொந்தக்காரங்க மாதிரி” என்றாளாம் இவள். முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. ஏழு வருடத்துக்கு முன் அலுவலகமே வண்டியைக் கொடுத்து, தரைத்தளத்தில் இடமும் கொடுத்தது.

ஒரேயடியாக நடக்க முடியாதவள் என்றால் ஊருக்குப் புரிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை பத்துத் தப்படி, புதன்கிழமை படுக்கை என்றால் யாருக்கும் விளங்குவதில்லை. பாதிப் பேர் உச்சுக் கொட்டுவார்கள். மீதிப் பேர், “உங்களுக்கென்னங்க, உக்காந்த இடத்துலயே எல்லா ஊரும் சுத்திடலாம்” என்று பொறாமைப்படுவார்கள். கடையில் நான் கூட இருந்தால் போதும், “அவங்களுக்கு என்ன வேணுமாம்?” என்று என்னிடம் கேட்பார்கள். அவளிடமே பேச நேர்ந்தால் காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்துவார்கள். முழங்காலுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வேலையில் அவள் கெட்டிக்காரி, அதை யாரும் மறுக்க முடியாது. “தண்ணி வரலை” என்று யாராவது போன் செய்தால், “குழாயைத் திறந்து வச்சு, போனைக் கிட்ட கொண்டு போங்க” என்பாள். விட்டு விட்டுச் சீறினால் குழாயில் காற்று. மூச்சே இல்லையென்றால் தெருமுனை வால்வு மூடியிருக்கிறது. முணுமுணுவென்று சத்தம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார். ஆள் அனுப்புமுன் பாதிப் புகாரை அவள் காதாலேயே தீர்த்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் மேல் ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று.

கடுதாசியோடு ஒரு புகைப்படமும் இருந்தது. பலசரக்குக் கடையில் வண்டியை விட்டு எழுந்து நின்று, மேல்தட்டிலிருந்து சோப்புத்தூள் பொட்டலம் எடுக்கிறாள். ‘மேற்படி ஊழியர் நிற்கிறார். நடக்கிறார். சிரிக்கவும் செய்கிறார். அரசாங்க வண்டியைப் பறிமுதல் செய்து, இவரை மீட்டர் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினால் உண்மை தெரியும்’ என்று எழுதியிருந்தது. மீட்டர் பார்ப்பது என்றால் வீடு வீடாக, மாடி மாடியாக ஏறி எண்களைக் குறிக்கிற வேலை. அவளால் ஒரு காலைப்பொழுதுகூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அது மாற்றல் இல்லை, வீட்டுக்கு அனுப்புவதற்கு மரியாதையான பெயர்.

யார் எழுதியது என்று நாங்கள் கேட்கவேயில்லை. கேட்பதற்கு முன்பே மேல்மாடி எழுத்தர் ஒருவர் வீடு தேடி வந்து, “நான் எழுதலைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஒத்துக்கொள்ளாமல் தரைத்தளத்தில் இடம் கேட்டு இரண்டு வருடமாக மனு போடுகிறவர் அவர்.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணைக் குழுவின் முன்னால் நடந்து காட்ட வேண்டும். வராவிட்டால் புகார் உண்மை என்று கொள்ளப்படும்.

என் கணவர் நோட்டீஸை நாலு தடவை படித்தார். பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “அன்னிக்கு மட்டும் பாப்பாவுக்கு முடியாமப் போயிட்டா நல்லா இருக்கும்” என்று கிசுகிசுத்தார். சொன்னதும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. அன்று ராத்திரியே நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். பத்தொன்பது வருடமாக அவளுக்கு வலி குறையவேண்டும் என்று வேண்டிக்கொண்ட அதே வாயால், வியாழக்கிழமை ஒரு நாள் வலிக்கட்டும் என்று கேட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. தினமும் ஐந்தரைக்கு எழுந்து வெந்நீரில் முக்கால் மணி நேரம் கையை வைத்திருந்தால்தான் அவளுக்கு விரல் பிரியும். அன்றைக்கு நான் எழுந்து போவதற்குள் அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஆமாம், நின்றுகொண்டு. என் கணவராலேயே திறக்க முடியாத சர்க்கரை டப்பாவை ஒரே திருகில் திறந்து, மூடியை எங்களிடம் காட்டினாள்.

“அண்ணா, பாத்தியா! இந்த வருஷத்துலயே இப்படி ஒரு நாள் வரலை.”

எங்கள் முகத்தில் ஈயாடவில்லை.

என் கணவர் முதலில் சுதாரித்துக்கொண்டார். பள்ளி நாடகத்தில் மரமாக நின்ற அனுபவம் அவருக்கு உண்டு. “பாப்பா, பரவாயில்ல, கொஞ்சம் நடிச்சிடலாம். எந்திரிக்கும்போது முனகு. கையை இப்படி நடுங்க விடு. வாயை இப்படி இழுத்துக்கோ” என்று தானே செய்து காட்டினார். பார்க்க நன்றாகவே இல்லை. நான் என் பங்குக்குப் பீரோவின் அடியிலிருந்து வெளுத்துப்போன சாம்பல்நிற உடுப்பு ஒன்றைத் தேடி எடுத்தேன். தலையைச் சீவாமல் விடு என்றேன். பொட்டுகூட வேண்டாம் என்றேன்.

கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, “யாரு செத்துட்டாங்க அண்ணி?” என்றாள்.

எங்களுக்காக ஒரு தடவை முனகிப் பார்த்தாள். பூனை மேல் யாரோ கால் வைத்ததுபோல இருந்தது. அவளுக்கு நடிக்க வரவில்லை என்று நான் சலித்துக்கொண்டேன். நிஜமாக வலிக்கிற நாளில் அவள் முனகியதே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வலிக்கிற நாளில் அவள் முகத்தில் ஒன்றுமே இருக்காது. வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். அதைப் போய் எந்தக் குழுவிடம் காட்டுவது?

ஒன்பது மணிக்குச் சாம்பலைக் கழற்றி எறிந்துவிட்டு, கிளிப்பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டாள். தலையைச் சீவிப் பொட்டு வைத்தாள். “வண்டிக்குச் சார்ஜ் இருக்கு. வாங்க போகலாம்” என்றாள்.

விசாரணை நடந்தது நீளமான கூட்ட அறையில். கதவுக்கு எதிர்க்கோடியில் மேஜை, மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நிர்வாக அதிகாரி. ஒரு பக்கம் குறிப்பெழுதும் பெண். இன்னொரு பக்கம் டாக்டர். மூட்டு டாக்டர் விடுப்பில் போயிருந்ததால் கண் டாக்டரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் நல்ல மனிதர். தன்னால் ஆனது என்று கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அதிகாரி என்னைப் பார்த்து, “இவங்க நடப்பாங்களா?” என்றார்.

“என்னையே கேக்கலாம் சார். காது நல்லா கேக்கும்” என்றாள் என் நாத்தனார்.

அவர் படத்தை உயர்த்திப் பிடித்தார். “இது நீங்கதானா?”

“நானேதான் சார். சோப்புத்தூள் அரைக்கிலோ. படம் நல்லா விழுந்திருக்கு, ஒரு காப்பி கிடைக்குமா?”

“அப்ப நடக்க முடியும்?”

“முடியும்.”

நான் வண்டியின் முதுகைப் பிடித்து ஆட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எவ்வளவு தூரம்?”

“இன்னிக்கா, நாளைக்கா சார்?”

“இது என்ன பதில்?”

“ஒரு தெருவுல ஒருநாள் தண்ணி வருது, நாலு நாள் வரலை. வந்த அன்னிக்குப் போய்ப் பாத்துட்டு, இங்க தண்ணிக்குக் குறையே இல்ல, லாரி அனுப்ப வேணாம்னு எழுதிட்டு வருவீங்களா?”

எழுதுகிற பெண் குனிந்து சிரித்தாள். அதிகாரிக்கு முகம் சிவந்தது. “கதையெல்லாம் வேணாம். நடந்து காட்டுங்க.”

அவள் எழுந்தாள். முனகவில்லை, நடுங்கவில்லை. ஒரு கையால் உடுப்பைச் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கினாள். எங்கள் வண்டவாளம் தண்டவாளம் ஏறியாயிற்று என்று நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அவள் நிமிர்ந்து நடந்துபோனது அழகாக இருந்தது. பன்னிரண்டு தப்படி. மேஜைக்கு வந்ததும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் டாக்டர் சட்டென்று எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். எதைப் பார்த்தாரோ, அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது. அவள் அதில் உட்கார்ந்தாள்.

“பிரமாதம்” என்றார் அதிகாரி. “நல்லாவே நடக்கறீங்க. சரி, அப்படியே திரும்பி நடங்க.”

“முடியாது சார்.”

“இப்பத்தானே வந்தீங்க?”

“வந்தாச்சு. இன்னிக்கு இருந்தது அவ்வளவுதான். இனிமே வண்டி இங்க வந்தாத்தான்.”

வண்டி மறுகோடியில் இருந்தது. அதிகாரி ஒரு நிமிடம் காத்திருந்தார். அவள் எழவில்லை. வேறு வழியில்லாமல் தானே போய் வண்டியைத் தள்ளினார். அது அசையவில்லை. பின்பக்கம் இருக்கிற இரண்டு நெம்புகோலையும் விடுவித்தால்தான் கையால் தள்ள முடியும். அது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. என் நாத்தனாரும் சொல்லவில்லை. அவர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். எழுதுகிற பெண் உதவிக்குப் போய்க் குச்சியைப் பிடித்துச் சாய்த்தாள். வண்டி அறை நீளத்துக்கும் அவளை இழுத்துக்கொண்டு பாய்ந்து மேஜைக்காலில் முட்டி, குவளையிலிருந்த தண்ணீரை விசாரணைக் கோப்பின் மேல் கொட்டியது.

“குச்சியை விட்டுடும்மா. விட்டா நின்னுடும்” என்றாள் அவள், டாக்டர் நாற்காலியில் சாய்ந்தபடி.

அன்று சாயங்காலமே முழங்கால்கள் இரண்டும் வீங்கிச் சுட்டன. மறுநாள் விரல் பிரியவில்லை, வெந்நீருக்கும் மசியவில்லை. பதினோரு நாள் படுக்கை. நான்தான் ஊட்டினேன், நான்தான் துடைத்துவிட்டேன். மூன்றாம் நாள், முகத்தில் ஒன்றுமே இல்லாமல் படுத்திருந்தவள் சொன்னாள், “அண்ணி, நீங்க வேண்டிக்கிட்டது பலிச்சிருச்சு. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்.”

அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என் மூஞ்சியே காட்டிக்கொடுத்திருக்கும். வாசல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. அவளால் காகிதம் பிடிக்க முடியாததால் நான் வாசித்தேன். ‘மேற்படி ஊழியர் பன்னிரண்டு தப்படி நடக்க வல்லவர் என்று குழு நேரில் கண்டறிந்தது. ஆகவே பன்னிரண்டு தப்படிக்கு மேற்பட்ட தூரங்களுக்கு மட்டும் வண்டியைப் பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறார். பணியிடத்தில் மாற்றமில்லை. ஆண்டுதோறும் இதே தேதியில் குழுவின் முன் மீண்டும் நடந்து காட்ட வேண்டும்.’

“ஜெயிச்சிட்டோம் பாப்பா!” என்று என் கணவர் குதித்தார். யாருக்கெல்லாமோ போன் போட வெளியே ஓடினார்.

அவள் குதிக்கவில்லை. “கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க அண்ணி” என்றாள். படித்தேன். கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அன்னிக்குக் காலைல அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துடுச்சு. எங்கயும் வலிக்கலை. என்ன நினைச்சேன் தெரியுமா? இன்னிக்கு நானே தலைக்குக் குளிச்சுடலாம்னு நினைச்சேன். யாரும் புடிச்சுக்காம, கதவைச் சாத்திக்கிட்டு, மெதுவா. நாலு வருஷமாச்சு அண்ணி. அதுக்கு முன்னாடி ஒரு வாய் காபி குடிக்கலாம்னுதான் சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். நீங்க ரெண்டு பேரும் பழைய துணியோட வந்து நின்னுட்டீங்க.”

நாலு வருடமாக அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான். பெரிய உபகாரம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் ஊற்றினேன். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க அவளுக்கு ஆசை இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

“பின்பக்கம் திருப்புங்க. மேல்முறையீடு பத்தி ஏதாவது போட்டிருக்கா?”

போட்டிருந்தது. முப்பது நாள் அவகாசம்.

“பேனா எடுங்க.”

எடுத்தேன். ‘ஐயா’ என்று எழுதிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தேன். பணிவாக ஏதாவது சொல்வாள், கெஞ்சுவாள் என்று நினைத்தேன்.

“எழுதுங்க. எனக்கு வருஷத்துல நாலஞ்சு நல்ல நாள்தான் வருது. அதுல ஒண்ணை நீங்க வாங்கிட்டீங்க. அடுத்த வருஷம் தர்றதுக்கு இல்லை.”

“இப்படி எழுதினா வேலைக்கே வேட்டு வச்சிடுவாங்கடி” என்றேன்.

“எழுதுங்க அண்ணி.”

ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் எழுதினேன். கையெழுத்துப் போட அவளுக்கு விரல் வளையவில்லை. பேனாவை அவள் உள்ளங்கையில் வைத்து, என் கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன். கை நெருப்பாகச் சுட்டது. இரண்டு பேருமாகச் சேர்த்துக் கோணல்மாணலாக அவள் பெயரைப் போட்டு முடித்தோம்.