அக்காவின் கலியாணமும் எங்கள் மூன்றாவது ஃபைனலும்

நனைந்த பாட்ஸ் நாறும் நாற்றம் இருக்கிறதே... அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அமெரிக்கன் ஃபுட்போல் ஆடும்போது தோளிலும் தொடையிலும் கட்டுகிற தடித்த கவசம் அது. மழையிலும் வியர்வையிலும் ஊறி இரண்டு நாள் பைக்குள் கிடந்தால் ஆள் கிட்டப் போக ஏலாது.

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், ரொம்மனில் எங்கள் வீட்டுப் பல்கனிதான் அந்தப் பைக்கு இடம்.

"பாட்ஸ்பியோர்ட்டிலை எத்தினை வருசம் மீன் வெட்டினனான்... எனக்கே வயித்தைப் பிரட்டுது" என்பார், ஒருகாலம் வடநோர்வே மீன் ஆலையில் வேலை செய்த அப்பா.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவில் இந்த விளையாட்டை ஆடியவர்களை நாலைந்து பஸ்ஸில் ஏற்றிவிடலாம். பார்க்க வருபவர்கள் ஆடுபவர்களின் காதலிகளும் அவர்களுடைய நாய்களும். ஆனாலும் ஒரு லீக் இருந்தது. வருடா வருடம் ஃபைனல், ஒரு கப். எங்களுக்கு அதுதான் உலகம்.

நான் சென்டர். குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கு இடையால் பின்னுக்கு நிற்பவனிடம் எறிந்துவிட்டு, முன்னால் பாய்ந்து வருகிறவனை மறிக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எறி பிழைத்தால் மட்டும் பெயர் ஊருக்கே தெரிந்துவிடும். எனக்குப் பக்கத்தில் நின்று மறிக்கிறவன் ஹவுகெட்டோப் பக்கத்திலிருந்து வருகிற தயா. அணியில் தமிழர் நாங்கள் இரண்டே பேர்.

இரண்டு வருடம் தொடர்ந்து ஃபைனலுக்குப் போய், இரண்டு முறையும் நகரத்தின் மேற்குப் பக்கத்துக் கிளப்பிடம் தோற்றோம். மூன்றாம் வருடமும் அதே கிளப், அதே ஃபைனல்.

எங்கள் கோச் ஒரு நோர்வேக்காரர், அதிகம் பேசாத மனிதர். பயிற்சி முடிந்து எல்லோரும் புல்லில் கிடந்தபோது சொன்னார்... பாதிப் பேருக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, மீதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது, இந்த முறை வெல்லாவிட்டால் அடுத்த வருடம் கிளப் இருக்காது என்று.

அக்காவின் கலியாணத்துக்கு நாள் குறித்து வந்தது... ஃபைனல் அன்று!

மாப்பிள்ளை பகுதி கனடாவிலிருந்து வருகிறார்கள். ஆடி பிறக்க முன் முடிக்க வேண்டும். மண்டபம், ஐயர், லீவு எல்லாம் பொருந்திய ஒரே சனிக்கிழமை அதுதான். எங்கள் கலியாணங்களில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்துவந்து, தலைப்பாகையோடு பக்கத்திலேயே கடைசிவரை இருக்க வேண்டும்.

"அப்பா, தாலி கட்டி முடிய நான் ஒருக்கா போட்டு வாறன். மட்ச் பின்னேரம்தான்."

"உனக்கென்ன விசரே? தோழன் எழும்பிப் போனா அவையள் என்ன நினைப்பினம்?"

"பெரியப்பான்ரை மகனை இருத்துவம்."

"சொந்தத் தம்பி இருக்கேக்கை ஒண்டவிட்டவன் இருக்கிறதோ? போன வருசமும் ஃபைனல் எண்டனி, அதுக்கு முந்தின வருசமும் ஃபைனல் எண்டனி. அது வருசா வருசம் வரும்தானே... அக்கான்ரை கலியாணம் ஒருக்காத்தான்."

அக்கா அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வர ஏலாதென்று சொன்னதும், என் இடத்தில் தயா சென்டர் ஆடுவதென்று கோச் முடிவெடுத்தார்.

கலியாணத்தன்று அறுகரிசி போட்டு வாழ்த்தச் சனம் வரிசை கட்டிவிட்டது. மாப்பிள்ளைக்கும் அக்காவுக்கும் போட்டுவிட்டு, மிச்ச அரிசியை என் தலையிலும் போட்டார்கள். செல்பேசியை வேட்டி மடிப்புக்குள் செருகியிருந்தேன். மைதானத்திலிருந்து முதல் எஸ்.எம்.எஸ். வந்தது. ஒரு புள்ளியால் முன்னுக்கு நிற்கிறோம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை... கடைசியில் ஒரு செய்தி.

எங்கள் கோல் கோட்டுக்குக் கிட்டவே வைத்து, முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில், தயா எறிந்த ஈரப் பந்து பின்னுக்கு நின்றவனின் தலைக்கு மேலால் பறந்து மைதானத்தின் பின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. அப்படிப் போனால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஒரு புள்ளியால் தோற்றோம்.

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வீடியோக்காரர் ஓடிவந்து கமராவை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பிடித்தார்.

"பாருங்கோவன், தமக்கையிலை எவ்வளவு பாசம்" என்று ஒரு மாமி தானும் அழத் தொடங்கினாள். அந்த மண்டபத்தில் நான் அழுத காரணம் ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு சனத்துக்குள் அப்படித் தனியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

கோச் சொன்னது நடந்தது. அடுத்த வருடம் ஆள் சேரவில்லை, கிளப் போயே போய்விட்டது. தயா அதற்குப் பிறகு ஹெல்மெட்டைத் தொடவில்லை. எங்கு கண்டாலும், "அந்தப் பந்து இன்னும் மேலைதான் போய்க்கொண்டிருக்குது மச்சான்" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான்... பார்க்க ஏலாது.

லீக்கின் சாம்பியன் வரலாற்றை யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்கள். வென்றவர்களின் பெயர் மட்டும்தான். அந்த மூன்று வருடமும் ஒரே பெயர். நாங்கள் ஆடினோம் என்பதற்கு அங்கே ஒரு எழுத்துக்கூட இல்லை.

அப்போது கப் இல்லையென்று அழுதோம். ஆனாலும் அழுவதற்கு ஒரு அணியாவது இருந்தது. இப்போது அந்த மைதானம் இருந்த இடத்தில் ஃபிளாட்டுகள்.

அக்காவின் கலியாணம் மூன்று வருடம்கூட ஓடவில்லை. கனடாவில் என்ன பட்டாளோ, இன்றுவரை சொன்னதில்லை. இரண்டு சூட்கேஸோடு திரும்பி வந்தவள் இப்போது எங்களோடு ரொம்மனில்தான் இருக்கிறாள்.

போன கிழமை அந்த இணையப் பக்கத்தை அவளுக்குக் காட்டினேன்.

"நீ அண்டைக்கு மட்ச்சுக்குப் போயிருக்கலாமடா" என்றாள். "கூப்பிட்டிருந்தா... நானும் எழும்பி வந்திருப்பன்."