பெரிய சென்சாரில் விழுந்த புள்ளிகள்

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். கடைக்காரர் தட்டிப் பார்த்துக் கொடுத்த தேங்காயை நானும் ஒரு தட்டு தட்டித்தான் வாங்குவேன். ஆட்டையாம்பட்டியில் என்னோடு பத்து வருசம் கூட்டாக ஸ்டூடியோ நடத்திய அண்ணனுக்கு இது நன்றாகத் தெரியும். கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் அதற்கும் மேலே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

எங்களிடம் இரண்டு கேமரா. சின்ன சென்சார் வைத்த பழையது ஒன்று, கூட்டாக வாங்கிய, பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃபிரேம் ஒன்று. சென்சார்தான் உள்ளே படம் பதிகிற தகடு; அது பெரிதாக இருந்தால் வெளிச்சத்தை நிறைய வாங்கும். மங்கலான இடத்திலும் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் அவ்வளவாக வராது. கோயில் கல்யாணத்துக்கு அதைத்தான் நம்பிப் போவோம்.

அதன் சென்சாரைத் துடைக்க அண்ணன் பள்ளிபாளையம் தாண்டி ஈரோட்டுக்குக் கொண்டுபோனார். அன்றைக்கே வருகிறேன் என்றவர் மூன்றாம் நாள்தான் வந்தார். கேட்டதற்கு, வேலை இருந்தது என்றதோடு சரி. எனக்கு அப்போதே சுருக்கென்றது.

அடுத்த முகூர்த்தம் கோயிலில், விடியக்காலையில். ஃபிளாஷ் அடிக்க விடமாட்டார்கள். காரில் வைத்தே, பையில் கைக்குக் கிடைத்த, இருட்டுக்குத் தோதான லென்சை மாட்டிக்கொண்டு ஓடினேன். கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால், பொண்ணு முகமெல்லாம் கேப்பை மாவு தூவின மாதிரி நாய்ஸ். படத்தின் அளவும் வழக்கத்தில் பாதிகூட இல்லை. கேமராவில் கண்ணை வைத்தால் நடுவில் புதிதாக ஒரு கட்டம் வேறு. போச்சு, ஈரோட்டில் கேமராவையே மாத்திட்டாங்க என்று முடிவு கட்டிவிட்டேன். வாங்கின பில்லை எடுத்து கேமரா நம்பரை ஒத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதனால் என்ன, மேல்கூட்டை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சென்சாரை உருவியிருப்பார்கள். அது அண்ணனுக்குத் தெரியாமலா நடந்திருக்கும்?

அண்ணன் வந்ததும் உட்காரக்கூட விடவில்லை.

"சென்சாரை யாருக்குங்க கழட்டிக் குடுத்தீங்க?"

அவர் முகம் செத்துப்போனது. கேமராவை வாங்கி லென்சைத் திருப்பிப் பார்த்தார்.

"சாமி, இது சின்னக் கேமரா லென்சு. இதை மாட்டுனா பெரிய சென்சார்ல நடுக் கட்டம் மட்டுந்தான் வேலை செய்யும், வெளிச்சமும் பாதிதான் வாங்கும்."

லென்சை மாற்றினார். விளக்கைப் போடாமலே என்னை ஒரு படம் எடுத்துக் காட்டினார். சுத்தமாக இருந்தது. எனக்கு உடம்பே கூசியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன வாய், அப்புறம் எதற்கு மூன்று நாள் ஆனது என்று கேட்டது.

"துடைச்சதுல ஒரு தூசி நின்னுபோச்சு. உன் கண்ணுல பட்டா நீ தூங்கமாட்டியேன்னு, மறுபடி துடைக்கச் சொல்லி அங்கயே கெடந்தேன்."

கடைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். இப்போது அயோத்தியாப்பட்டணத்தில் தனியாகக் கடை போட்டிருக்கிறார். அந்தக் கேமராவைக் கேட்கவே இல்லை. அதில் வானத்தை எடுத்தால் நாலைந்து தூசி தெரிகிறது. துடைக்கக் கொடுக்க வேண்டும். யாரை நம்பிக் கொடுப்பேன்?