சூரியன் உதிக்கையில் கரைக்கு வந்த படகு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெயிண்ட் டப்பா கழுவிக் கொடுத்துத் தொழில் பழகினேன். மாப்பிள்ளையூரணியில் மாடி வீடு கட்டினேன். சொந்தமாகப் பெயிண்ட் கடை வைத்தேன். பிள்ளைகளை இன்ஜினியர் ஆக்கினேன். தூத்துக்குடியில் பாதி விசைப்படகுகள் நான் எழுதிய பெயரோடுதான் கடலுக்குப் போயின. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. என் கைதான் தூக்கியது.

அந்தக் கையால் ஒரு பிரஷ்ஷைத் தூக்க முடியாமல் போனதைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு, தினமும் சின்னதாக ஏதாவது வேலை செய்யுங்கள் என்றார் டாக்டர். சின்ன வேலை எனக்குப் பழக்கமில்லை. படகுக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், "தெனமும் காலையில ஒரு படம் வரைஞ்சு போடுவேன், ஒருநாளும் விடமாட்டேன்" என்று பேசி அனுப்பிவிட்டேன்.

சில வாரம் நடந்தது. பிறகு பல் தேய்த்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. பென்சிலால் கோடு மட்டும் போட்டு மனைவியிடம் நீட்டினேன். "ஏளா, இந்த நீலத்த மட்டும் தேச்சு விடு." எங்கள் தொழிலில் கோடு போடுகிறவன்தான் கையெழுத்துப் போடுவான், உள்ளே நிரப்புகிறவனுக்குப் பெயர் கிடையாது. அந்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். போகப்போகக் கோடும் அவளே போட்டாள். கையெழுத்துப் போட மட்டும் எனக்குத் தெம்பு இருந்தது.

அப்படி ஒருநாள் அவள் வரைந்த படத்தில் கடலிலிருந்து சூரியன் எழும்புகிறது. அதற்கு முன்னால் ஒரு விசைப்படகு கரையைப் பார்த்து வருகிறது. நான் சரியாகப் பார்க்காமலே கையெழுத்திட்டு அனுப்பினேன்.

முதலில் ஒரு படகு டிரைவரின் குரல் வந்தது. "அண்ணாச்சி, இருட்டோட போன படகு விடியும்போதே திரும்பி வருதே, டீசல மறந்துட்டானா?"

இன்னொருவன், "பொண்டாட்டி ஞாபகம் வந்திருக்கும்ல" என்றான்.

எங்கள் விசைப்படகுகள் விடியுமுன் போய் ராத்திரிதான் திரும்பும். சூரியன் உதிக்கும்போது அவை கரைக்கு முதுகைத்தான் காட்டும். அந்த முதுகிலேயே பெயர் எழுதிப் பிழைத்தவன் நான். தப்பு என்னுடையது என்றால் தொழில் தெரியாதவன் ஆவேன். படம் என்னுடையது இல்லை என்றால் இத்தனை நாள் கையெழுத்துப் போட்ட பொய்யன் ஆவேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "சிரிக்காவளோ?"

"ஆமா."

"என் பேரச் சொல்லிருங்க. எனக்கென்ன வெக்கம், நான் கடலுக்கா போனேன்?"

அவளுக்கு இல்லாத வெட்கமும் சேர்ந்து எனக்கு வந்தது. எனக்குக் கஞ்சி வைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, துணி துவைத்து முடித்த கையால்தான் அவள் வரைந்தாள். உனக்குச் சோர்வில்லையா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

போனை எடுத்துச் சொன்னேன்: "கொஞ்ச நாளா வீட்டுக்காரிதான் வரையுறா. கையெழுத்து மட்டுந்தான் என்னுது."

துறைமுகத்து டீக்கடைக்காரர்தான் முதலில் பேசினார்; என் மனைவி அவருக்கு மைனி, அண்ணி முறை. "மைனிக்கு நல்ல கை. அந்தப் படத்த நம்ம கடையில மாட்டுவோம். படக மட்டும் திருப்பிவிடுங்க."

மறுநாள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். நடுநடுவே படுத்து எழுந்து, படகை அழித்து, அதன் பின்புறத்தை வரைந்தேன். அன்றைக்கு என்னால் ஆனது அவ்வளவுதான். இப்போதும் முடியாத நாளில் ஒரு கோடு மட்டும் இழுத்து, அந்தக் கோட்டையே அனுப்புகிறேன்.

படம் அவள் பெயரோடு டீக்கடையில் தொங்குகிறது. கடலும் சூரியனும் அவளுடையவை; அவள் பெயர் இருப்பதுதான் நியாயம். ஆனால் கடைக்காரர், படகையும் மைனியே திருப்பிவிட்டாள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுகிறாராம். அது தப்பு. கடலைப் பார்க்க அந்தப் படகைத் திருப்பியவன் நான். அவள் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் போதும், அதை அவர் எழுதி வைத்தாக வேண்டும்.