கூப்பனில் எழுதிய பெயர்

எண்பதுகளில் திண்டிவனத்தில் குடியிருந்தேன், அலுவலகம் விழுப்புரத்தில். காலைப் பாசஞ்சரில் நாங்கள் நான்கு பேர் ஒரே பெட்டியில் போவோம். நான் வாங்கும் வார இதழின் கடைசிப் பக்கத்தில் எழுத்துக் கட்டம் வரும். பத்துச் சொற்கள் நேராக, தலைகீழாக, சாய்வாக ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கூப்பனை வெட்டி அனுப்பினால் சிலருடைய பெயரை அச்சிடுவார்கள். வேறு பரிசு இல்லை. கடைசிச் சொல்லைக் கண்டுபிடித்தவர் பெயரில்தான் அனுப்ப வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

நான் வரிவரியாக விரலை ஓட்டித் தேடுகிறவன். நால்வரில் ஒருவரான எங்கள் அலுவலகத் தட்டச்சர், முப்பது வயதுப் பெண், அப்படித் தேட மாட்டார். புள்ளி எழுத்துகளை மட்டும் முதலில் பார்ப்பார். எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது என்பதால், அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்வார்.

அந்த வாரம் காய்கறிகள். மயிலம் தாண்டுவதற்குள் ஒன்பது கிடைத்துவிட்டன. பீர்க்கங்காய் மட்டும் அகப்படவில்லை.

"ரெண்டு புள்ளி எழுத்து பக்கத்துல பக்கத்துல எங்க நிக்குதுன்னு பாருங்க சார். ர், க். இந்த லிஸ்ட்ல வேற எந்தக் காய்லயும் அது வராது" என்றவர், விக்கிரவாண்டி வருமுன் கீழ் மூலையிலிருந்து சாய்வாக மேலேறிய பீர்க்கங்காயைச் சுழித்துவிட்டார்.

"கல்யாணப் பத்திரிகைல மட்டுந்தான் சார் என் பேரு அச்சுல வந்துருக்கு. திண்டிவனம்னு ஊரும் போடுவாங்களா?"

போடுவார்கள் என்றேன். மதியம் கூப்பனில் என் பெயரை எழுதி அனுப்பினேன். கை தவறி எழுதியதாக வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தவறவில்லை. நிதானமாக எழுதினேன். நான்கு வருடமாக இதழ் வாங்கியும் கடைசிச் சொல் ஒருமுறைகூட எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்று வாரத்தில் என் பெயர் அச்சில் வந்தது. எதிர் இருக்கையில் இருந்த வங்கிக்காரர்தான் முதலில் பார்த்தார்.

"அந்தம்மா பறிச்ச காய நீ கூடைல போட்டுக்கினியாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். தட்டச்சர் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். கூப்பனில் அவர் பெயரைத்தான் எழுதினேன், உறையில் அனுப்புநர் என்று என் பெயர் இருந்ததைப் பார்த்து மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றேன். தடுமாறாமல் சொன்னேன்.

"ஒரு கார்டு போட்டுக் கேக்கட்டுமா சார்?"

பதில் போட மாட்டார்கள் என்றேன்.

"பரவால்ல சார். நீங்க எழுதுனீங்களே."

அடுத்த வாரமும் கடைசிச் சொல் அவருக்கே கிடைத்தது. கூப்பனை என்னிடமே கொடுத்து, இந்த முறை உறையின்மேல் பெயர் போட வேண்டாம் என்றார். அவர் பெயரை எழுதி அனுப்பினேன். அது வரவில்லை. அதன் பிறகு அனுப்பிய எதிலும் வரவில்லை. ஆறு மாதத்தில் அவருக்கு மாற்றலாகிவிட்டது. அதுவரை வாராவாரம் என் கையிலிருந்து இதழை வாங்கியதும் கட்டத்தைப் பார்க்காமல் பெயர்ப் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சொல்லவில்லை.