பழைய ஃபில்டரில் வளையம் இல்லை

போன சனிக்கிழமையிலிருந்து ஒரு ரப்பர் வளையம் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பெரிதாக ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைகளின் காப்பு அளவு. கறுப்பு. எண்ணெய்ப் பிசுக்கு. இதைப் பற்றி ஒரு பத்தி எழுதுவாய் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

என் மகள் சிந்துவை, இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அவளை நினைத்து நான் புலம்பாத மாதமில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் ‘ஆஸ்பில்டுங்’ செய்யப்போகிறேன் என்றாள். தொழிற்பயிற்சிதானே, நல்லது என்றேன். வங்கியா? இல்லை. மருந்துக்கடையா? அதுவும் இல்லை. இயந்திரம் திருத்தும் பட்டறை!

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம், சாவர்லாந்து மலைப்பக்கம். கோடையில் மோட்டார் சைக்கிளும் புல்வெட்டும் மெஷினும். பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் — முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் யுத்த டாங்கிக்கு இருப்பதுபோலப் பட்டி, பனிமேல் பாய்ந்து போகும் வண்டி. கோயிலில் யாராவது “மகள் என்ன செய்யிறா?” என்று கேட்டால், “டெக்னிக்கல் லைன்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். இரண்டு வருடமாக இதே பதில்.

சனிக்கிழமை காலை, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். சொல்லாமல்தான் போனேன். சொன்னால் வரவேண்டாம் என்பாள்.

மைஸ்டர் — பட்டறை முதலாளி, அவளுக்கு வேலை பழக்குபவர் — முன் அறையில் வாடிக்கையாளர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே சிந்து தனியாக நின்றாள். மேடையில் ஒரு சிவப்பு ஸ்னோமொபைல். மலைச் சரிவில் சறுக்கி விழுந்து கால் முறிந்தவர்களைக் கட்டி இழுத்துவரும் மீட்புக்குழுவின் வண்டி. மத்தியானம் எடுக்க வருவார்கள்.

“அம்மா, பதினைஞ்சு நிமிசம் இருங்கோ. ஒயில் மாத்திப்போட்டு வாறன்.”

பதினைந்து நிமிடம் சும்மா இருப்பதா? நானா?

மேசையில் இரண்டு ஒயில் ஃபில்டர். இரண்டும் தகர டப்பா மாதிரி, ஒரே உயரம், ஒரே பருமன். அதில் ஒன்றைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.

“ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை?”

“வெளியாலை பாத்தா ஒண்டுதான். அது காருக்கு. திருகுப் புரியும் சரியாப் பொருந்தும். ஆனா உள்ளுக்கை ஒரு வால்வு இருக்கம்மா. குளிருக்கை ஒயில் சீனிப்பாணி மாதிரி இறுகிப்போகும். ஃபில்டருக்குள்ளாலை லேசிலை போக ஏலாது. அப்ப அந்த வால்வு திறந்து வழி விடவேணும். எவ்வளவு அழுத்தத்திலை திறக்கும் எண்டதுதான் விசயம்.”

“பொருந்தினா போதாதோ?”

“போதாது. நீங்கள் மாப்பிள்ளை பாக்கிற மாதிரி இல்லை இது.”

நான் வாயை மூடியிருக்க வேண்டிய இடம் அதுதான். மூடவில்லை. மாப்பிள்ளை என்று அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாளே! எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கு நிச்சயமான கதையைத் தொடங்கினேன். மண்டபம், சேலை, கனடாவிலிருந்து வந்த மாமியார்... அவள் எஞ்சினைச் சூடாக்கி, பழைய ஒயிலை வடித்து, பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதியதன் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கிப் பூட்டினாள். “ஓம் அம்மா... ம்ம்... ஓம் அம்மா...” புதிய ஒயில் ஊற்றினாள். எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, டோர்ச் அடித்துக் கீழே பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

ஹோல்கர் என்ற மீட்புக்குழு மனிதர் வந்து, வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது அவளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அரை மணி நேரம் கழித்து நான் புட்டுப் பார்சலை அவிழ்த்தேன். அவள் பழைய ஃபில்டரைக் கழிவுத் தொட்டியில் போடக் கையில் எடுத்தாள். அப்படியே நின்றாள்.

“அம்மா... வளையம் இல்லை.”

பழைய ஃபில்டரின் விளிம்பில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் அதில் இல்லை. அப்படியென்றால் எங்கே? எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதன்மேல்தான் புதிய ஃபில்டரை வளையத்தோடு பூட்டியிருக்கிறாள். வளையத்துக்கு மேல் வளையம்.

“இப்ப ஒழுகேல்லைத்தானே?”

“இப்ப எஞ்சின் சூடு, ஒயில் இளகின ஒயில். மலையிலை குளிரிலை கிடந்திட்டு ஸ்டார்ட் பண்ணேக்கை அழுத்தம் ஏறும். வளையம் பிதுங்கிச்சோ, ஒயில் முழுக்க வெளியாலை அடிச்சுப்போடும். எஞ்சின் இறுகி நிண்டிடும். பின்னாலை கால் உடைஞ்ச ஆள் கட்டிக் கிடப்பார், அம்மா!”

அவள் ஹேண்டி போனைத் திறந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுடைய கையைப் பிடித்தேன்.

“நீ பிழை விட்டனீ எண்டு சொல்லாதை பிள்ளை. ஒருக்காச் செக் பண்ணவேணும், கொண்டு வாங்கோ எண்டு மட்டும் சொல்லு.”

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களில் எத்தனை பேர் வேறு மாதிரிச் சொல்லியிருப்போம்? அகதி விண்ணப்பத்தோடு இந்த நாட்டில் வந்திறங்கிய காலத்தில், முகாமில் முன்னால் வந்தவர்கள் எங்களுக்குப் படிப்பித்த முதல் பாடம் என்ன? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு. கூட ஒரு சொல் வேண்டாம். கூடச் சொன்ன சொல் ஃபைலில் ஏறும், ஏறினால் இறங்காது. இருபது வருடமாகிவிட்டது. விசா நிரந்தரமாகிவிட்டது. பயம் மட்டும் இன்னும் தற்காலிகமாகக்கூட விலகவில்லை.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். முதல் அழைப்பை ஹோல்கர் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது... இரண்டாவதையும் எடுக்கவில்லை. மூன்றாவதில் குரல் கேட்டது.

“ஹோல்கர், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நான் பிழை விட்டுவிட்டேன். பழைய வளையத்தைக் கழற்றாமல் ஃபில்டர் பூட்டிவிட்டேன்.”

ஜெர்மனில், ஒரே மூச்சில், ‘நான்’ என்ற சொல்லை எங்கும் விழுங்காமல் சொன்னாள்.

வண்டியை அப்போதுதான் ட்ரெய்லரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்களாம்.

அதோடு நிற்கவில்லை. நேரே முன் அறைக்குப் போய் மைஸ்டரிடமும் அதையே சொன்னாள். வாடிக்கையாளருக்கு முன்னால்! ஆஸ்பில்டுங் போச்சு, இரண்டு வருடம் போச்சு என்று மனம் கணக்கில்லாமல் ஓடியது.

மைஸ்டர் கத்தவில்லை. கேட்டது ஒரே கேள்வி: “ஹோல்கருக்குச் சொன்னாயா?”

“சொல்லிவிட்டேன்.”

“எனக்கு முன்னாலா?”

“ஓம்” என்று தமிழிலேயே தலையாட்டினாள் பிள்ளை. பிறகுதான் ஜெர்மன் வந்தது.

“சரியான வரிசை” என்றார் அவர்.

முக்கால் மணி நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. புதிய ஃபில்டரைக் கழற்றினாள். சொன்னபடியே எஞ்சினின் முகத்தில் அந்தக் கறுப்பு வளையம் அப்பிக்கிடந்தது. நகத்தால் கிளப்பினாள்; ஓரம் கசங்கி, ஏற்கெனவே ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. இன்னும் எவ்வளவு தூரம் தாங்கியிருக்கும்? அந்த இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் சுற்றித் தடவிப் பார்த்து, மற்றொரு புது ஃபில்டரைப் பூட்டினாள். நான் பெற்ற பிள்ளையா இது என்று வாய்பிளந்து நின்றேன்.

ஹோல்கர் மறுபடியும் வண்டியை ஏற்றும்போது, மைஸ்டர் அவளிடம் கேட்டார்: “நீ கவனமான ஆள். என்ன நடந்தது?”

சிந்து என்னைப் பார்க்கவில்லை. “கவனிக்கவில்லை” என்றாள். அவ்வளவுதான்.

பாருங்கள், கூட ஒரு சொல் வேண்டாம் என்று நான் படிப்பித்த பாடம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தன்னைக் காப்பாற்ற அதை எடுக்கவில்லை. என்னைக் காப்பாற்ற எடுத்தாள்.

இருபது வருடத்தில் முதல் தடவையாக, ஒருவரும் கேட்காமலே, ஒரு ஜெர்மன்காரருக்கு முன்னால் என் வாயைத் திறந்தேன். “நான் பேசிக்கொண்டே நின்றேன். அவள் ஃபில்டர் கழற்றும்போது. கலியாணக் கதை.”

மைஸ்டர் என்னைப் பார்த்தார். புட்டைப் பார்த்தார். “பழைய ஃபில்டரை வளையத்தோடு மேசையில் வைத்துப் பார்த்த பிறகுதான் புதியதைத் தொடவேண்டும். அது இவளுக்கு” என்றார். “வருகிறவர்கள் முன் அறையில் இருந்து காப்பி குடிக்கவேண்டும். அது உங்களுக்கு.”

ஹோல்கர் சிரித்தார். சிந்துவும் சிரித்தாள். நானும் முன் அறைக்குப் போய்க் காப்பி குடித்தேன் — சர்க்கரை இல்லாத காப்பி, முழுக்கோப்பை.

ஞாயிறு கோயிலில் ஒரு அக்கா கேட்டார், “மகள் என்ன செய்யிறா?”

“ஸ்னோமொபைலுக்கு ஒயில் ஃபில்டர் மாத்துறா” என்றேன். அவர்தான் பேச்சை மாற்றினார்.

ஒவ்வொரு நாளும் மகளுக்குப் போன் எடுக்கிறேன், பழையபடிதான். ஆனால் ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதற்கு முன் இப்போது இன்னொரு கேள்வி இருக்கிறது: “பிள்ளை, கையிலை என்ன வைச்சிருக்கிறாய்? ஃபில்டர் எண்டா நான் பிறகு எடுக்கிறன்.”